உழாமல் விதைக்க, உழுதுவிட்டு வரவும்

உழாமல் விதைக்கலாம் என்று பண்ணைக்காரருக்குச் சொல்லிக்கொடுத்ததே தீவனப் பயிர் மேம்பாட்டு நிலையம்தான். இதை முதலிலேயே சொல்லிவைப்பது நல்லது. ஏனென்றால், பிற்பாடு நடந்த அத்தனைக்கும் அந்த மனிதருடைய பேராசைதான் காரணம் என்று நிலையத்தில் ஒரு பேச்சு அடிபடுகிறது.

பால் சேகரிக்கும் கொட்டகையில் கூட்டம் போட்டு, சுவரில் வெள்ளைத் துணி கட்டி, நிலையத்தின் விரிவாக்க அலுவலர் படம் காட்டினார். அறுவடை முடிந்த நிலம். அறுத்த பயிரின் அடித்தாள் அப்படியே நிற்கிறது. டிராக்டருக்குப் பின்னால் ஒரு கருவி வருகிறது. அதன் வட்டத் தகடுகள் தாளுக்கு நடுவே மண்ணைக் கத்தியால் கீறுவதுபோலக் கீறிக்கொண்டு போகின்றன. கீறலுக்குள் விதை விழுகிறது. பின்னால் உருளும் சின்னச் சக்கரம் கீறலை மூடி அழுத்திவிடுகிறது. அவ்வளவுதான் வேலை. கலப்பை இல்லை, புழுதி இல்லை, தாளின் நிழலில் ஈரம் பத்திரமாக இருக்கிறது. அடுத்த படத்தில் மாடுகள் கழுத்தளவுப் பசுமையில் நின்றுகொண்டு, யார் வீட்டுக் கல்யாணமோ என்பதுபோல மென்றுகொண்டிருந்தன.

"மண்ணைப் போட்டு ஏன் கொத்திக் கொத்தி இம்சை பண்றோம்? தொடாதீங்க! மண்ணைத் தொடாதீங்க!" என்று அலுவலர் தழுதழுத்தார்.

மற்றவர்கள் பால் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். பண்ணைக்காரர் மட்டும் படம் முடிந்த பிறகும் வெள்ளைத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு அது பொழுதுபோக்குப் படமில்லை. மக்காச்சோளம் அறுத்த மேட்டு நிலம் தாளோடு கிடந்தது. பருவத்தின் கடைசி மழை பெய்து ஓய்ந்திருந்தது. தொழுவத்தை ஒட்டிய வைக்கோல் போர் நோயாளி மாதிரி இளைத்துக்கொண்டே வந்தது. இருக்கிற ஈரத்தில் கம்பும் காராமணியும் தீவனமாக முளைத்துவிட்டால் கோடையைத் தாண்டிவிடலாம். இல்லையென்றால் பாதி மாட்டை விற்றாக வேண்டும். இது வீட்டில் பேசி முடித்த விஷயம். எந்தப் பாதி என்பதை மட்டும் யாரும் பேசவில்லை. அந்தப் பேச்சு வந்தாலே அவர் மனைவி எழுந்து தொழுவத்துக்குப் போய்விடுவாள்.

உழுது விதைத்தால் கிளறிய மண் வெயிலில் காய்ந்து, ஈரம் கண்ணெதிரே ஆவியாகிவிடும். கையால் வீசினால் தாள் இடுக்கில் கிடக்கிற விதையைக் குருவியும் எறும்பும் பங்கு போட்டுக்கொள்ளும். போன வருஷம் அதையும் செய்து பார்த்து, குருவிகள்தான் கொழுத்தன. ஆக, அந்தக் கருவிதான் வழி. வட்டாரத்துக்கே அது ஒன்றே ஒன்று. அது நிலையத்தில் இருந்தது.

மனைவியின் தம்பியைக் கூட்டிக்கொண்டு மறுநாளே நிலையத்துக்குப் போனார். மச்சான் டிராக்டர் ஓட்டுபவன். அவன் டிராக்டருக்கும் வாய்க்கும் பிரேக் அவ்வளவாகப் பிடிக்காது.

நிலையத்தின் கொட்டகையில் கருவி, கோடு போட்ட போர்வை போர்த்திக்கொண்டு நின்றது. பக்கத்தில் நாற்காலி போட்டு, கருவிக் காப்பாளர் அதைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

"இது விதைக் கருவி" என்றார் அவர், விஷயத்தைக் கேட்டுவிட்டு. "விதைக் கருவி வெளிய போகணும்னா நிலம் ரெண்டு தடவை உழுது, மட்டம் பண்ணித் தயாரா இருக்கணும். உழுதுட்டு வாங்க."

பண்ணைக்காரர் தாம் சரியாகச் சொல்லவில்லை என்று நினைத்து, மறுபடியும் நிதானமாகச் சொன்னார். "சார், இது உழாம விதைக்கிற கருவி."

"அது விதைக்கும்போது. நான் சொல்றது அதுக்கு முன்னாடி."

"முன்னாடியே உழுதுட்டா அப்புறம் எங்க சார் உழாம விதைக்கிறது?" என்றான் மச்சான்.

காப்பாளர் அவனை இரக்கத்தோடு பார்த்தார். "ஏன் தம்பி, விதைக்கும்போது யாராவது உழுவாங்களா? ஒரு நேரத்துல ஒரு வேலைதான் பண்ணணும்."

பண்ணைக்காரருக்குத் தலை சுற்றியது. எங்கேயோ ஓர் இடத்தில் காப்பாளர் சொல்வது நியாயம் மாதிரியும் இருந்தது. அதுதான் அவரை அதிகமாகப் பயமுறுத்தியது.

மாடிப்படி ஏறி விரிவாக்க அலுவலரைப் பார்த்தார்கள். பால் கொட்டகையில் தழுதழுத்த அதே மனிதர். விதி பழையது என்றும், கலப்பைக்குப் பின்னால் விதைப்பெட்டி கட்டிய காலத்தில் யாரோ எழுதியது என்றும் அவரே ஒப்புக்கொண்டார்.

"அப்ப அதை எடுத்துடலாமே சார்?"

"எடுக்கலாம். ஆனா அந்த விதிக்கு மேல பதினாலு விதி நிக்குது. ஒண்ணை உருவினா மேல இருக்கறது நம்ம தலையில விழும்." அலுவலர் குரலைத் தாழ்த்தினார். "வேற ஒரு வழி இருக்கு. உங்க நிலம் உழாத நிலம்தான்னு நிபுணர் குழு வந்து பார்த்துச் சொல்லிட்டா, விலக்கு வாங்கிடலாம்."

"உழாத நிலம்தான் சார். நானே சொல்றேனே."

"நீங்க சொன்னா எப்படி? மண் சொல்லணும்."

மண் சொல்வதைக் கேட்க நிபுணர்கள் வருவதற்குள் வைக்கோல் போரில் ஒரு பக்கம் சரிந்துவிட்டது. பண்ணைக்காரர் தினம் காலையில் போய்த் தாளை விலக்கி மண்ணில் விரலை விட்டுப் பார்ப்பார். முதலில் விரல் நுனியிலேயே குளிர்ந்தது. பிறகு கொஞ்சம் உள்ளே போய்க் குளிர்ந்தது. ஈரம் ஒன்றும் ஓடிப்போகவில்லை. இவரிடமிருந்து மரியாதையாகப் பின்வாங்கிக்கொண்டிருந்தது.

ஒருவழியாக வேன் வந்தது. மூன்று நிபுணர்கள் இறங்கினார்கள். ஈர நிபுணர் ஈரம் பார்க்க ஒரு குழி தோண்டினார். வேர் நிபுணர் வேர் பார்க்க அதைவிடப் பெரிதாக ஒன்று தோண்டினார். மண்புழு நிபுணருக்கு முதல் குழியில் புழு அகப்படவில்லை. புழுக்கள் கூச்ச சுபாவம் உள்ளவை என்று சொல்லி நிலமெங்கும் தோண்டினார். தாள்கள் வேரோடு பிடுங்கப்பட்டுக் குவிந்தன. மூவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள், இவ்வளவு அருமையாக, கைபடாமல் பாதுகாக்கப்பட்ட மண்ணை அவர்கள் பார்த்ததே இல்லையாம்.

சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு, தனிக் காரில் சரிபார்ப்பு அலுவலர் வந்தார். வரப்பில் நின்றபடியே பார்த்தார். முகம் சுருங்கியது.

"யாரு தோண்டினது இதெல்லாம்?"

"உங்க ஆளுங்கதான் சார்" என்றார் பண்ணைக்காரர்.

"யாரு தோண்டினாங்கறது மண்ணுக்குத் தெரியாது. இது கலைஞ்ச நிலம்."

"குழி விழுந்த இடத்தை விட்டுட்டு மிச்ச இடத்துல விதைச்சுக்கறேனே சார்..."

"சட்டையில ஒரு இடத்துல கிழிஞ்சாலும் கிழிஞ்ச சட்டைதான். நல்ல பக்கமா பார்த்துப் போட்டுக்கறேன்னு சொல்வீங்களா?"

"நான் அப்படித்தான் சார் போட்டுக்கறேன்" என்று பண்ணைக்காரர் தம் சட்டையைக் காட்டினார். அலுவலர் அதைக் கவனிக்க விரும்பவில்லை.

முடிவு இதுதான்: நிலம் உழப்படவில்லை, ஆகவே உழுத நிலத்துக்கான கருவி கிடையாது. கலைந்துவிட்டது, ஆகவே உழாத நிலத்துக்கான விலக்கும் கிடையாது. மண் தன்னை மறந்து பழைய நிலைக்குத் திரும்பும்வரை ஒரு வருஷம் யாரும் அதில் காலடி வைக்காமல் பார்த்துக்கொண்டால், மறுபடி வந்து தோண்டிப் பார்ப்பார்கள்.

அன்று சாயங்காலம் பண்ணைக்காரர் பால் கறக்கும் இடத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மனைவி கறந்துகொண்டே கேட்டாள்.

"என்னங்க, அவ்வளவு குழி தோண்டினாங்களே, அதுலயாவது விதையைப் போட்டீங்களா?"

"ஏம்மா நீ வேற..."

"நான் வேறதான். வேறயா இருக்கப் போய்த்தான் இந்தப் பண்ணை ஓடுது."

மறுநாள் காலை அவளே போய் ஒவ்வொரு குழியிலும் ஒரு பிடி விதை போட்டு, மண்ணைத் தள்ளி, குதிகாலால் மிதித்துவிட்டு வந்தாள். அடியில் ஈரம் இருந்தது. ஒரு வாரத்தில் அந்த மேட்டு நிலத்தில் பச்சையாகக் கண்ணில் பட்டது நிபுணர்களின் குழிகள் மட்டுமே. மாடுகள் தொழுவத்திலிருந்து அந்தப் பக்கம் பார்த்து மூக்கை நீட்டின. அதைப் பார்த்ததும் பண்ணைக்காரருக்குப் புது வேகம் வந்துவிட்டது. மறுபடியும் நிலையத்துக்கு நடையாய் நடந்தார். காப்பாளரிடம், அலுவலரிடம், அலுவலருக்கு மேலே இருந்தவரிடம் கெஞ்சினார்.

அந்த நடைக்குப் பலனும் கிடைத்தது. அப்படித்தான் அவர் நினைத்தார். நிலையத்தின் இயக்குநரே செய்தி அனுப்பியிருந்தார். உழாமல் விதைக்கும் முறைக்கு நிலையம் ஒரு செயல்விளக்க விழா நடத்தப்போகிறது. அதற்குப் பண்ணைக்காரரின் நிலத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். மண்ணுக்காக இல்லை, பெரிய சாலையை ஒட்டி இருந்ததால் கார் நிறுத்த வசதி.

"கருவி வருதாங்க?" என்றாள் மனைவி.

"வருது! நம்ம நிலத்துக்கே வருது! மச்சான்தான் ஓட்டப் போறான்."

"அப்ப சரி" என்று அவள் முதல் தடவையாக நிலையத்தைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னாள்.

விழாவுக்கு முந்தின நாள் ஏற்பாட்டுக்காரர்கள் வந்தார்கள். தாள் காலில் குத்தும் என்று மண்வாரி இயந்திரம் வைத்து வழித்துத் தள்ளினார்கள். கார் சறுக்கும் என்று உருளை ஓட்டி இறுக்கினார்கள். பந்தல் கம்பம் நடக் குழி தோண்ட வேண்டிய வேலை அவர்களுக்கு மிச்சமாயிற்று. உருளை ஓடிய பிறகும் பச்சை இருந்த இடமெல்லாம் மண் மிருதுவாகவே இருந்தது. பண்ணைக்காரர் குறுக்கே போய் நின்றார்.

"ஐயா, அதுல பயிர் இருக்குங்க."

"அப்படியா? எங்க?" என்று கேட்டுக்கொண்டே அந்த ஆள் கம்பத்தை இறக்கினான்.

எல்லாம் முடிந்த பிறகு, மண்ணைத் தொடக் கூடாது என்பதுதானே விழாவின் நோக்கம் என்று யாருக்கோ நினைவு வந்தது. உடனே லாரியில் சணல் விரிப்புகள் வந்தன. கனமான, மெத்தை போன்ற விரிப்புகள். மேடையிலிருந்து சாலைவரை, நிலம் ஒரு இடத்திலும் வெளியே தெரியாதபடி விரித்துவிட்டார்கள்.

விழா அன்று கருவி போர்வை நீக்கி, பளபளவென்று வந்து இறங்கியது. பண்ணைக்காரர் மூட்டையைப் பிரித்துக் கம்பையும் காராமணியையும் தம் கையாலேயே விதைப்பெட்டியில் நிரப்பினார்.

இயக்குநர் கருவியைச் சுற்றி வந்து தகடுகளைத் தொட்டுப் பார்த்தார். "இது என்ன பண்ணும்?"

"மண்ணைக் கீறும் சார்" என்றார் விரிவாக்க அலுவலர்.

"கீறுமா?" இயக்குநருக்கு அதிர்ச்சி. "மண்ணைத் தொடாதீங்கன்னு மேடைக்குப் பின்னாடி அவ்வளவு பெருசா எழுதிப் போட்டுட்டு, என் முன்னாடியே கீறுவீங்களா? தகட்டை மேல தூக்குங்க."

"தூக்கிட்டா விதை எங்க சார் விழும்?" என்று டிராக்டரிலிருந்து மச்சான் கேட்டான்.

"கீழதான் விழும். வேற எங்க விழும்?"

தகடுகள் தூக்கப்பட்டன. மச்சான் மாமாவைப் பார்த்தான். மாமா வானத்தைப் பார்த்தார். டிராக்டர் புறப்பட்டது. கம்பும் காராமணியும் சணல் விரிப்பின்மேல் வரிசையாகக் கொட்டிக்கொண்டு போக, பின்னால் வந்த சின்னச் சக்கரங்கள் அவற்றைச் சணலுக்குள் அக்கறையாக அழுத்திவிட்டன. கூட்டம் கைதட்டியது. இயக்குநர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"பெரியவர்களே, தாய்மார்களே! எனக்கு இன்னிக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? நான் பிறந்ததுலேர்ந்து மண்ணைத் தொட்டதில்ல. எங்க குடும்பத்துல யாருமே தொட்டதில்ல. யாரும் சொல்லிக்கொடுக்காமலே இந்தக் கொள்கையை நாங்க பரம்பரையா கடைப்பிடிச்சு வரோம். நீங்க இப்பத்தான் வந்து சேர்ந்திருக்கீங்க. பரவாயில்ல, தாமதமானாலும் வரவேற்கிறேன்! எங்க நிலையத்தோட ஆராய்ச்சி வயலைப் பாருங்க. பல வருஷமா அதை நாங்க உழல. விதைக்கவும் இல்ல. அறுக்கவும் இல்ல. மண் எவ்வளவு நிம்மதியா இருக்கு! சில பேரு கேக்கறாங்க, அதுல என்ன விளைஞ்சுதுன்னு. நான் கேக்கறேன், எங்க நிலையத்துல வேற எந்த அறையில என்ன விளைஞ்சுது? அங்கெல்லாம் கேக்காத கேள்வியை வயல்கிட்ட மட்டும் ஏன் கேக்கறீங்க?"

இதற்குத்தான் கைதட்டல் அதிகம். அதிலும் நிலையத்தின் ஊழியர்கள் எழுந்து நின்று தட்டினார்கள்.

கூட்டம் கலைந்ததும் பண்ணைக்காரர் கருவிக் காப்பாளரிடம் ஓடினார். "சார், விரிப்பைச் சுருட்டிட்டு, தகட்டை இறக்கி, ஒரே ஒரு மத்தியானம் ஓட்டிக்கறேன் சார். கருவி இங்கதானே நிக்குது."

"நிக்கறது வேற, வந்திருக்கறது வேற" என்றார் காப்பாளர். "இது செயல்விளக்கத்துக்கு வந்திருக்கு. விதைப்புக்கு வரணும்னா முதல்ல நிலையத்துக்குத் திரும்பிப் போகணும். அங்கேருந்து விதைப்புக்குன்னு கிளம்பி வரணும்."

"அங்கேருந்து எப்ப சார் கிளம்பும்?"

"நீங்க ரெண்டு தடவை உழுததும்."

பண்ணைக்காரருக்குத் தெரிந்த எல்லா வார்த்தைகளையும் நிலையம் ஏற்கெனவே தீர்த்துவிட்டிருந்தது. கருவிக்குப் போர்வை போர்த்தினார்கள். விரிப்புகளைச் சுருட்டி லாரியில் ஏற்றினார்கள். எல்லோரும் போன பிறகு அவர் குனிந்து மண்ணில் விரலை விட்டுப் பார்த்தார். விரல் இறங்கவில்லை. உருளை ஓடிய நிலம் சாலையைவிட நன்றாக இருந்தது.

அதற்குமேல் சொல்ல அதிகமில்லை. வைக்கோல் போர் அடித்தட்டுக்கு வந்தது. பால் வற்றியது. எந்தப் பாதி என்பதை மனைவியே ஒரு காலையில் தொழுவத்தில் நின்று தீர்மானித்தாள். கயிற்றை அவிழ்ப்பதும் மறுபடி கட்டுவதுமாக வெகுநேரம் இருந்தாள். கடைசியில், கன்று போட்டு முடிந்தவை விற்கும் பக்கமும், இன்னும் போட வேண்டியவை வைத்துக்கொள்ளும் பக்கமுமாக நின்றன.

சந்தைக்குப் போகும் வாடகை லாரியை வழியில் நிலையத்தில் நிறுத்த வேண்டியிருந்தது. மாடு விற்க அனுமதி அங்கேதான் தருகிறார்கள். மனைவியும் மச்சானும் லாரியில் இருக்க, பண்ணைக்காரர் மட்டும் உள்ளே போனார்.

"ஏன் விக்கறீங்க?" என்றார் விரிவாக்க அலுவலர்.

"தீவனம் இல்ல சார்."

அலுவலர் பேனாவை மூடிவிட்டார். "அப்படிச் சொல்லக் கூடாது. விழா நடந்ததுலேர்ந்து உங்களுது எங்க நிலையத்தோட மாதிரித் தீவனப் பண்ணை. மாதிரிப் பண்ணையில தீவனம் இல்லாம எப்படிப் போகும்? மாடு உபரின்னு சொல்லுங்க."

"மாடு உபரி இல்ல சார். தீவனம்தான் இல்ல."

"தீவனத்தோட பக்கத்துலேருந்து பாருங்க. அப்ப மாடு உபரிதானே?"

பண்ணைக்காரர் பதில் சொல்வதற்குள் வெளியே லாரியில் மாடுகள் கத்தின. பசிக்குக் கத்துவது அவருக்குத் தெரியும், இது அதுவல்ல. ஒரு மாடு தொடங்க, எல்லாமே சேர்ந்து, லாரியே ஆடும்படி கத்தின. அவர் எழுந்து வெளியே வந்து, மாடுகள் பார்த்த திசையில் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு போனார்.

நிலையத்தின் பின்புறம், எந்நேரமும் வழிந்துகொண்டே இருக்கும் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில், விழாவிலிருந்து வந்த சணல் விரிப்பில் ஒன்றைப் பாதி விரிந்த நிலையில் போட்டிருந்தார்கள். அதில் கம்பு முழங்கால் உயரம் நின்றது. காராமணி அதைச் சுற்றிக் கொடி ஓடியிருந்தது. அப்படியொரு பச்சை. சுற்றிலும் கயிறு கட்டி, இயக்குநர் நடுவில் நிற்க, மூன்று நிபுணர்களும் அளவுநாடாவோடு குனிந்திருந்தார்கள்.

"வாங்க, வாங்க!" என்று இயக்குநர் பண்ணைக்காரரைக் கண்டதும் மலர்ந்தார். "பாத்தீங்களா? உழாம விதைக்கிறதெல்லாம் பழைய கதை. இது நிலமே இல்லாம விதைச்சது! இனிமே விவசாயிங்க நிலத்தை வெச்சுக்கிட்டு எதுக்குக் கஷ்டப்படணும்?"

பண்ணைக்காரர் கயிற்றுக்கு வெளியே நின்று பயிரைப் பார்த்தார். அவருடைய கம்பு. அவருடைய கையால் நிரப்பிய காராமணி.

பின்னாலிருந்து தடால் என்று ஒரு சத்தம். லாரியின் பின்கதவு விழுந்த சத்தம். மாடுகள் இறங்கி, கட்டடத்தின் மூலையைத் திரும்பி, கயிற்றையும் நிபுணர்களையும் ஒரே தள்ளாகத் தள்ளிக்கொண்டு வந்தன. பின்னால் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அவர் மனைவி வந்தாள். அவசரம் எதுவும் இல்லாமல் நடந்து வந்தாள்.

"அம்மா! அம்மா! மாட்டைப் பிடிங்க! அது ஆராய்ச்சி!" என்று இயக்குநர் தொட்டிமேல் ஏறிக்கொண்டு கத்தினார்.

"அதுங்களும் ஆராய்ச்சிதான் சார் பண்ணுதுங்க" என்றாள் அவள். "நாக்கால."

"விளைச்சலை இன்னும் அளக்கலையே!" என்று ஈர நிபுணர் அழாத குறையாகச் சொன்னார். "கணக்குல என்னன்னு காட்டறது?"

"உபரின்னு காட்டுங்க" என்றான் மச்சான்.

சணல் இழை பறக்க மாடுகள் கரகரவென்று தின்றன. கம்பு முடிந்து, கொடி முடிந்து, ஈரச் சணலையும் இழுக்கத் தொடங்கின. ஒன்று தலையைத் தூக்கி, இன்னும் உண்டா என்பதுபோல அவரைப் பார்த்தது.

பண்ணைக்காரர் தொட்டிக்கு அருகில் போய், மேலே நின்ற இயக்குநரை அண்ணாந்து பார்த்தார். இத்தனை காலமும் கேட்ட அதே பணிவோடுதான் கேட்டார்.

"சார், மிச்ச விரிப்பெல்லாம் எங்க சார் போட்டிருக்கீங்க?"